டயர்கள் மட்டுமே போட்ட வழி

கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மொஹாவி ரோடு என்றொரு பழைய வண்டித்தடம் இருக்கிறது. கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கு நோக்கி ஏறத்தாழ 138 மைல் போகும் அந்தத் தடத்தில், கரடுமுரடான வழிகளில் பொழுதுபோக்காக ஜீப் ஓட்டும் குழுவொன்றுடன் முதன்முதலாக வண்டி ஓட்டியபோது, இரண்டாம் நாள் காலையிலேயே ஒரு தவறு செய்தேன். முந்தைய வாரம் பெய்த மழையில் தடத்தின் நடுவே சேற்றுக்குட்டை ஒன்று தேங்கியிருந்தது. எனக்கு முன்னால் சென்ற மூன்று வண்டிகளும் அதற்குள் இறங்கி ஏறின. வண்டி வாங்கி நான்கு மாதம்கூட ஆகியிராத நான், அதன் மேல் சேறு தெறிக்க மனம் வராமல், இடப்பக்கமாக ஒதுங்கி, இரண்டு புதர்களை உரசிக்கொண்டு குட்டையைச் சுற்றி மறுபடியும் தடத்தில் ஏறினேன். மொத்தமே ஐம்பது அடி இருக்கும். உடனே ரேடியோவில் எல்லா வண்டிகளையும் நிறுத்தச் சொல்லிக் குழுத் தலைவரின் குரல் வந்தது.

எழுபது வயதைக் கடந்த அவர் நிதானமாக இறங்கி வந்தார். கோபப்படவில்லை. தன் வண்டியின் கூரையில் கட்டியிருந்த, தோட்டத்தில் சருகு வாரும் வாரியை அவிழ்த்து என்னிடம் கொடுத்து, நான் போட்ட தடத்தை நானே அழிக்க வேண்டும் என்றார். மண்ணை வாரி, சரளையைப் பரப்பி, ஒடிந்த கிளைகளைத் தடத்தின் இரு வாயிலும் குறுக்கே போட்டு முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மற்றவர்கள் வண்டி நிழலில் அமர்ந்து காத்திருந்தார்கள். அந்தத் தடத்தை அப்படியே விட்டிருந்தால் அடுத்து வருபவர் அதையே வழியென்று நினைப்பார், ஒரு பருவத்துக்குள் அங்கே இரண்டு வழிகள் இருக்கும், பிறகு அது சாலையா இல்லையா என்று வாதாட இரண்டு பக்கமும் வழக்கறிஞர்கள் வருவார்கள் என்று அவர் சொன்னதை, புதியவனை மிரட்டுவதற்காகச் சொன்ன மிகையென்றே எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு இந்த நிலங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், அமெரிக்க மேற்கில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் வழக்கு கிட்டத்தட்ட அந்த ஒரே கேள்வியைப் பற்றியது என்பது தெரிந்தது.

இந்த நிலங்கள் எப்படிப்பட்டவை என்று தமிழில் விளக்குவதற்கு, புறம்போக்கு என்ற நம் சொல்லைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. பட்டா போட்டுக் கொடுத்தவை போக, புறத்தே விடுபட்டுப் போனது புறம்போக்கு. மெக்சிகோவிடம் போரில் வென்றும், பழங்குடிகளுடன் ஒப்பந்தம் போட்டும், போட்ட ஒப்பந்தத்தை மீறியும், சில இடங்களில் அதுகூட இல்லாமலும் மேற்கு நிலத்தைக் கையகப்படுத்திய அமெரிக்க அரசு, அதை வைத்துக்கொள்ள நினைக்கவே இல்லை. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ரயில் நிறுவனங்களுக்கும், சுரங்கக்காரர்களுக்கும், பள்ளிகளுக்கென்று மாநிலங்களுக்கும் நிலம் வாரி வழங்கப்பட்டது. காடுகளையும் பூங்காக்களையும் தனியே ஒதுக்கிய பிறகு, தண்ணீர் இல்லாததாலும் சரிவு மிகுந்ததாலும் யாரும் கேட்காத நிலம் மிஞ்சியது. 1930 வாக்கில் ஹூவர் அரசு அந்த மிச்சத்தை மாநிலங்களுக்கே கொடுத்துவிட முன்வந்தும், நிலத்தடிக் கனிமத்தை வைத்துக்கொண்டு மேய்ந்து தீர்ந்த மேல்மண்ணை மட்டும் தருவது என்ன தானம் என்று மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன.

1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து மேய்ச்சலை ஒழுங்குபடுத்தியது. 1946இல் மேய்ச்சல் துறையையும் பழைய பொது நில அலுவலகத்தையும் இணைத்து நில மேலாண்மைப் பணியகத்தை உருவாக்கினார்கள். இன்று அதன் பொறுப்பில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அதாவது அந்த நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை மாற்றி விரித்து, கால்நடை மற்றும் சுரங்கப் பணியகம் என்று கேலி செய்வது பழைய வழக்கம். கேலியில் உண்மை இருந்தது. பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தின் தொடக்கக் கால வேலைகளில் பெரிய இடமே இல்லை.

நாங்கள் இன்று விரும்பி ஓட்டும் வழிகளில் பெரும்பாலானவை அந்தக் கால்நடைக்கும் சுரங்கத்துக்கும் போட்டவைதான். அவற்றுக்குச் சட்ட அடிப்படை 1866ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தில், எட்டாம் பிரிவாக, ஒரே வாக்கியத்தில் இருந்தது: வேறு பொதுப் பயனுக்கென்று ஒதுக்கப்படாத பொது நிலங்களின் மீது நெடுஞ்சாலை அமைக்கும் வழியுரிமை இதனால் வழங்கப்படுகிறது என்பதே அதன் சாரம். விண்ணப்பம் வேண்டாம், வரைபடம் வேண்டாம், பதிவும் வேண்டாம். யாராவது ஒரு வழியைப் போட்டு, ஊரார் அதில் போய்வந்தால் போதும். சட்டத் தொகுப்பில் அதற்குக் கிடைத்த எண்ணைக் கொண்டு ஆர்.எஸ். 2477 என்று அழைப்பார்கள். ஜீப் ஓட்டிகளின் கூட்டங்களில் இந்த எண்ணை உச்சரிக்கும் தொனியைக் கேட்டால், ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்று தோன்றும்.

ரூபிகான் தடத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ஜார்ஜ்டவுன் பக்கத்திலிருந்து தாஹோ ஏரிப் பக்கம் போகும் அந்த வழி பழங்குடிகள் நடந்த பாதை. நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பான எல் டொராடோ கவுண்டி 1887இல் அதைப் பொதுச் சாலையென்று அறிவித்தது. நடுவே ரூபிகான் ஊற்றுகள் என்ற இடத்தில் ஒரு விடுதிகூட இருந்தது. குதிரை வண்டியில் ஆட்கள் வந்து தங்கி, கனிம நீர் குடித்துத் திரும்பினார்கள். விடுதி போனபின் சாலையைச் செப்பனிட ஆளில்லை. பனியும் உருகிய நீரும் மண்ணை அரித்துக் கொண்டுபோக, அடியிலிருந்த கருங்கல் வெளியே வந்தது. உலகத்தின் மிகக் கடினமான ஜீப் வழிகளில் ஒன்றென்று இன்று புகழப்படுவது, வேறொரு கண்ணால் பார்த்தால், நூறாண்டாகப் பராமரிக்காமல் விட்ட ஒரு கவுண்டிச் சாலைதான். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. ஆனால் அது சாலை என்ற பதிவு 1887இலேயே இருந்ததால்தான் இன்றும் அங்கே வண்டி போகிறது.

அந்தக் கல்லில் ஏறக்கூடிய வண்டியைக் கொடுத்தது இரண்டாம் உலகப் போர். போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1945இல் வில்லிஸ் அதன் குடிமக்கள் வடிவத்தை உழவுக்கும் பண்ணை வேலைக்கும் உகந்ததென்று விளம்பரம் செய்து விற்றது. (பெட்டியில் அடைத்த போர் ஜீப்பை ஐம்பது டாலருக்கு வாங்கிய மாமா ஒருவர் ஒவ்வொரு அமெரிக்கக் குடும்பத்திலும் உண்டு. அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவரைத்தான் நான் இன்னும் சந்திக்கவில்லை.) 1953இல், ஊருக்கு நாலு பேர் வந்துபோனால் வியாபாரம் பெருகும் என்று ஜார்ஜ்டவுன்காரர்கள் கணக்குப்போட, மார்க் ஸ்மித் என்பவர் தலைமையில் 55 ஜீப்புகளும் 155 பேரும் ரூபிகானைக் கடந்தார்கள். ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் பயணத்தின் தொடக்கம் அது.

யூட்டா மாநிலத்தின் மோவாப் என்ற ஊருக்கு வேறொரு போர், பனிப்போர், வழி போட்டது. அணுகுண்டுக்கு யுரேனியம் தேவைப்பட்டபோது, வாங்குவதற்கு அரசு ஒன்றே இருந்தது; விலையும் அதுவே உறுதியளித்தது. 1952இல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் மோவாபுக்குத் தெற்கே வளமான தாதைக் கண்டதும், செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் புல்டோசர்கள் இறங்கின. வைட் ரிம் என்ற நூறு மைல் வழி அப்படித்தான் பாறை விளிம்பில் வெட்டப்பட்டது. அங்கே யுரேனியம் பெரிதாகக் கிடைக்கவில்லை. வழி மட்டும் தங்கியது. யுரேனியக் காய்ச்சல் தணிந்த பிறகு, 1967இல், மோவாப் வணிகர் சங்கம் ஈஸ்டர் ஜீப் சஃபாரியைத் தொடங்கியது. ஊர் சுரங்கத்திலிருந்து சுற்றுலாவுக்கு மாறியது என்று சுருக்கமாக எழுதிவிடுவார்கள். சக்கரங்கள் ஓடியது என்னவோ அதே வழிகளில்தான்.

இனி மறுபக்கம். எங்களுக்கு எதிராக நிற்பவர்கள் என்று எங்கள் கூட்டங்களில் பேசப்படும் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தின் வேர், உண்மையில் காருக்கு எதிரான அச்சத்தில் இருக்கிறது. இதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மரம் வெட்டுவதை எதிர்த்தோ அணை கட்டுவதை எதிர்த்தோ அந்தக் கருத்து பிறந்திருக்கும் என்றே எண்ணியிருந்தேன். 1920களில் சாதாரண மக்களின் கைக்குக் கார் வந்து, மலைதோறும் சாலை போடத் தொடங்கியபோது, வனத்துறையில் பணியாற்றிய ஆல்டோ லியோபோல்டு, சாலையே இல்லாத சில பகுதிகளாவது மிஞ்ச வேண்டும் என்று வாதாடினார். 1924இல் நியூ மெக்சிகோவின் ஹீலா பகுதி அப்படி ஒதுக்கப்பட்டது. 1935இல் அவரும் பாப் மார்ஷலும் வேறு சிலரும் சேர்ந்து வனாந்தரச் சங்கத்தை நிறுவினார்கள். அவர்கள் கோரியபடி வந்த வனாந்தரச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் 1964 செப்டம்பர் 3 அன்று கையெழுத்திட்டார். ஏறத்தாழ 91 லட்சம் ஏக்கரில் மோட்டார் வண்டிகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, அதே ஜான்சன் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவை உருவாக்கும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். யுரேனியத்துக்காக வெட்டிய வைட் ரிம் வழி அந்தப் பூங்காவுக்குள் அமைந்து, இன்றளவும் வண்டிகளுக்குத் திறந்திருக்கிறது. ஒரே பேனா என்று சொல்லத் தோன்றுகிறது. ஜான்சன் பேனாக்களைப் பரிசாகக் கொடுத்துவிடுபவர் என்பதால் வேறு பேனாவாகத்தான் இருந்திருக்கும்.

அறுபதுகளின் பின்பாதியில் எண்ணிக்கை பெருகியது. ஜீப் வைத்திருந்தவர்கள் சிலரே; மலிவான மோட்டார் சைக்கிளும் மணல்மேட்டு வண்டியும் வந்தபோது பாலைவனத்துக்குக் கூட்டம் வந்தது. 1967இல் தொடங்கிய பார்ஸ்டோ முதல் லாஸ் வேகஸ் வரையிலான மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 1974இல் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் ஓடினார்கள். அத்தனை பேரும் பாலைவனத் தரையில் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். அதன் பிறகு நில மேலாண்மைப் பணியகம் அனுமதியை நிறுத்திவைத்தது. இதற்கிடையே 1972 பிப்ரவரி 8 அன்று அதிபர் நிக்சன் 11644ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். சாலைக்கு வெளியே ஓடும் பொழுதுபோக்கு வண்டிகள் நாட்டில் 50 லட்சம் இருக்கலாம் என்று அதன் முன்னுரை மதிப்பிட்டது. மண்ணுக்கும் நீருக்கும் செடிகொடிகளுக்கும் கேடு குறையும்படியும், விலங்குகளுக்குத் தொல்லை குறையும்படியும், நடந்து வருபவருடன் மோதல் குறையும்படியும் வழிகளைத் தேர்ந்து குறிக்க வேண்டும் என்று எல்லா நிலத் துறைகளுக்கும் அது கட்டளையிட்டது. 1977இல் கார்ட்டர் தம் ஆணையின் வழியே, கேடு கண்ட இடத்தை உடனடியாக மூடும் அதிகாரத்தையும் சேர்த்தார். இன்று ஏதாவது ஒரு வழி மூடப்பட்டதென்று செய்தி வந்தால், அந்த முடிவின் அடியில் பெரும்பாலும் இந்த இரண்டு ஆணைகள் இருக்கும்.

கலிஃபோர்னியா நிக்சனின் ஆணைக்கு ஓராண்டு முன்பே தனக்கென ஒரு வழி கண்டிருந்தது. 1971இல் குடியரசுக் கட்சியின் ஜீன் சாப்பியும் ஜனநாயகக் கட்சியின் எட்வின் ஜீபெர்கும் கொண்டுவந்த சட்டம், இத்தகைய வண்டிகளைப் பதிவு செய்யச் சொல்லி, அந்தக் கட்டணத்தையும் சாலைக்கு வெளியே எரியும் பெட்ரோலின் வரியில் ஒரு பங்கையும் அவற்றுக்கென்றே செலவிட வைத்தது. 1975இல் ஹாலிஸ்டர் ஹில்ஸ் என்ற வண்டிப் பொழுதுபோக்குப் பூங்கா அரசின் கைக்கு வந்தது. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அதன் ஊடாகவே ஓடுவதால், பிளவின் இருபுறமும் டயருக்கு அடியில் மண் வேறுவேறாக இருக்கும். ஓட்டுபவரே காசு கொடுத்து, ஓட்டும் இடத்தை வாங்கிப் பராமரிக்கும் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அங்கே ஓட்டுவதில்தான் சலிப்பு வந்துவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றையும் மாற்றியது 1976 அக்டோபர் 21 அன்று வந்த கூட்டரசு நிலக் கொள்கை மற்றும் மேலாண்மைச் சட்டம். மிச்ச நிலத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை, அரசே வைத்துக்கொள்ளும் என்று அறிவித்த சட்டம் அது. அலாஸ்கா நீங்கலாகக் குடியேற்ற உரிமை முடிந்தது. 1866இன் ஒற்றை வாக்கியமும் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே உண்டாகிவிட்ட வழியுரிமைகள் மட்டும் செல்லும் என்று விட்டார்கள். எவை உண்டாகியிருந்தன என்பதற்குப் பட்டியல் கிடையாது. பதிவே வேண்டாம் என்பதல்லவா பழைய சட்டம்? யூட்டா மாநிலச் சட்டப்படி ஒரு வழியைப் பொதுமக்கள் பத்தாண்டு தொடர்ந்து பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே 1976க்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்த வழியில் மாடு ஓட்டியவரும் வேட்டைக்குப் போனவரும் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழிகளைக் கோரி யூட்டா வழக்குத் தொடுத்தபோது, முதுமையால் சாட்சிகள் மறைந்துவிடுவார்களோ என்ற கவலையில், விசாரணை தொடங்கும் முன்பே அவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். நீண்ட மேசையின் ஒரு பக்கம் அரசு வழக்கறிஞர், மறுபக்கம் மாநில வழக்கறிஞர், நடுவே ஒரு பழைய பண்ணைக்காரர். தம் பதினைந்தாவது வயதில் அப்பாவின் லாரியில் எந்த ஓடையைக் கடந்தோம் என்று நினைவிலிருந்து சொல்ல முயல்கிறார்.

அதே சட்டம், சாலையில்லாத 5,000 ஏக்கரும் அதற்கு மேலுமான பகுதிகளைக் கண்டறிந்து, அவை வனாந்தரமாகத் தகுமா என்று பதினைந்தாண்டுக்குள் ஆராயச் சொன்னது. அப்படியானால் சாலை என்பது என்ன? சட்டத்தில் விளக்கமில்லை. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையில் இருந்த ஒரு வரியைப் பணியகம் எடுத்துக்கொண்டது. இயந்திரத்தால் மேம்படுத்திப் பராமரித்து, ஓரளவு சீராகத் தொடர்ந்து பயன்பட வைத்தது சாலை. வண்டிகள் போய்வருவதால் மட்டுமே நிலைத்திருப்பது சாலையாகாது. அது வெறும் தடம். இதைப் படித்தபோது வாரியும் கையுமாக நின்ற அந்தக் காலை எனக்கு நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை ஓர் அறிக்கை எழுதித்தான் நிறுவ வேண்டியிருந்தது. தமிழில் தடம், தாரை, பாதை, சாலை என்று சொல்லும்போதே ஏறக்குறைய அது வந்துவிடுகிறது. ஒரு பகுதியின் நடுவே போகும் கோடு சாலை என்றால் நிலம் இரண்டாகப் பிரிந்து 5,000 ஏக்கருக்குக் கீழே போய், வனாந்தரத் தகுதியை இழக்கும். தடம் என்றால் தகுதி நிலைக்கும், பிறகு தடமே மூடப்படும். எனவே ஒரு தரப்பு, சாலையைச் சமன்செய்யும் கிரேடர் இயந்திரத்தின் கீறலைத் தேடிப் படம் பிடித்தது; மற்றது தடத்தின் நடுவே முளைத்த புதரைத் தேடிப் படம் பிடித்தது. வழக்கறிஞர்களைப் பற்றிப் பெரியவர் சொன்னதில் மிகை இல்லை. என் ஐம்பது அடிக்கு 1866இன் உரிமை எதுவும் கிடையாது என்பது மட்டுமே அவர் சொன்னதில் திருத்த வேண்டியது.

இப்படி ஆராய்ந்து முடிவு காணாத பகுதிகளில் வண்டிகள் புகுந்தபோது, பணியகம் அவற்றைத் தடுக்கவில்லை என்று யூட்டாவின் பாதுகாப்பு அமைப்பொன்று தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2004இல் நீதிபதிகள் ஒருமனதாக, ஒரு துறை தன் அன்றாட மேலாண்மையை எப்படி நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட முடியாது என்றார்கள். எங்கள் தரப்பு அதைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டே வந்தது பெரிய அடி. மேலாண்மையற்ற பொழுதுபோக்கை, காட்டுத்தீயுடனும் அயல் களைகளுடனும் சேர்த்து, காடுகளுக்கான நான்கு பேராபத்துகளில் ஒன்றாக வனத்துறைத் தலைவர் டேல் பாஸ்வொர்த் அறிவித்திருந்தார். 2005 நவம்பரில் அந்தத் துறை பயண மேலாண்மை விதியைக் கொண்டுவந்தது. அதுவரை பல காடுகளில், மூடப்பட்டது என்ற பலகை இல்லாத இடமெல்லாம் திறந்த இடம். இந்த விதிக்குப் பிறகு, திறந்தது என்று வரைபடத்தில் இல்லாத இடமெல்லாம் மூடிய இடம்.

என் கணிப்பில், இந்த வரலாற்றில் ஜீப் ஓட்டிகளுக்கு நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் அந்தத் தலைகீழ்தான். எத்தனை ஏக்கர் போயிற்று என்ற கணக்கு அதற்கு அடுத்தது. நிரூபிக்கும் சுமை கை மாறிவிட்டது. வரைபடத்தில் கோடு வரையும் காலத்தில் எந்தக் குழு கூட்டத்துக்குப் போய், தான் ஓட்டும் வழியைப் படமெடுத்து, அளந்து, எழுத்தில் கொடுத்ததோ, அதன் வழி பிழைத்தது. போகாதவர்களின் வழி, அவர்கள் அப்பா காலத்திலிருந்து ஓட்டியதாக இருந்தாலும், ஒருநாள் காணாமல் போயிற்று. அந்த வரைபடம் கறுப்பு வெள்ளையில், மலையின் ஏற்ற இறக்கம் எதுவுமின்றி, படிப்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால் வழிமுனையில் பலகை இல்லை என்பது சாக்காகாது. அந்தத் தாள்தான் விதி.

முன்பெல்லாம் எங்கு வேண்டுமானாலும் ஓட்டினோம் என்று எங்கள் குழுவின் மூத்தவர்கள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முன்பு என்பது எவ்வளவு காலம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 1945இல் ஜீப் விற்பனைக்கு வந்தது. 1972இல் நிக்சனின் ஆணை வந்தது. இருபத்தேழு ஆண்டுகள். நிலம் எங்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்த காலம் என்று அதைச் சொல்ல முடியாது. கேட்பாரில்லாமல் கிடந்த காலம் அது. இதே அளவுகோலை மறுதரப்புக்கும் வைக்க வேண்டும். மனிதக் கால் படாத நிலம் என்று வனாந்தரத்தை வருணிக்கும் துண்டறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம், ஆட்டு மந்தைகளும் துளைக்கருவிகளும், அவற்றுக்கு நெடுங்காலம் முன்பே அங்கு வாழ்ந்து, விரட்டப்பட்ட மக்களும் எங்கே போனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ரூபிகானுக்கு வந்த சோதனை வழக்கறிஞர்களிடமிருந்து வரவில்லை, மலத்திலிருந்து வந்தது. அங்கே அடித்தளம் கருங்கல். மேலே கையகல மண்தான். புதைக்க இடமில்லை, புதைத்தாலும் மக்குவதில்லை. ஸ்பைடர் ஏரிப் பக்கம் கூட்டம் தங்கித் தங்கி, 2004இல் சுகாதாரக் காரணம் காட்டி அங்கே முகாமிடுவதைத் தடுத்தார்கள். 2009இல் வட்டார நீர்த்தர வாரியம் கவுண்டிக்கும் வனத்துறைக்கும் துப்புரவு ஆணை அனுப்பியது. வண்டல், எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு என்று அதன் பட்டியல் நீண்டது. தன்னார்வலர்கள் கழிவுப் பைகளையும் எண்ணெய் உறிஞ்சும் துணிகளையும் வழிமுனையில் நின்று கொடுத்தார்கள். பாலம் கட்டினார்கள், நீர் வழிய வாய்க்கால் வெட்டினார்கள். 2012இல் வனத்துறை கவுண்டிக்கு முறையான வழியுரிமைப் பத்திரம் தந்தது. 1887இன் அறிவிப்பு அடித்தளமென்றால், அந்தப் பத்திரத்தைப் பெற்றுத்தந்ததில் கழிவுப் பைக்கும் பங்கு உண்டு. லட்சக்கணக்கில் வண்டிக்குச் செலவழிப்பவர்கள் அந்தப் பையைக் கையில் வாங்கும்போது முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2019இல் நிறைவேறிய டிங்கல் சட்டம், மொஹாவியில் ஜான்சன் பள்ளத்தாக்கு, டூமான்ட் மணல்மேடுகள் உள்ளிட்ட ஆறு வண்டி ஓட்டப் பகுதிகளை நிலையானவையென்று அறிவித்தது. அதே சட்டம் பாலைவனத்தின் வேறு பகுதிகளை வனாந்தரமாகவும் மூடியது. ஜான்சன் பள்ளத்தாக்கின் ஒரு பெரும் பகுதியை அதற்கு முன்பே கடற்படைக் காலாட்படையின் பயிற்சித்தளம் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீரங்கியுடன் போட்டியிட எங்களுக்கும் முடியவில்லை, ஆமைக்கும் முடியவில்லை.

ஆமையைச் சொன்னதால், மொஹாவி ரோட்டுக்குத் திரும்புகிறேன். பாலைவன ஆமை 1990இல் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. வெயில் ஏறினால் அது நிறுத்தியிருக்கும் வண்டியின் நிழலில் வந்து ஒதுங்கும். ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் குனிந்து டயருக்கு அடியில் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். அதைக் கையில் தூக்கவும் கூடாது. அஞ்சிப்போய், சேர்த்து வைத்திருக்கும் நீரையெல்லாம் சிறுநீராக விட்டுவிடும், பிறகு அடுத்த மழைவரை தாங்காமல் போகலாம். காலையில் டயரில் 36 இருந்த காற்றை 18க்கு இறக்கிக்கொள்வதும் அப்படித்தான் பழக்கமாகிவிட்டது. தட்டையான டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும் என்பதற்காக அதைக் கற்றுக்கொடுத்தார்கள். அழுத்தம் பரவுவதால் மண்ணையும் அது குறைவாகவே கிழிக்கிறது. மொஹாவி மக்கள் ஆற்றிலிருந்து கடற்கரைக்கு வணிகம் செய்ய நடந்த அந்தப் பாதையை, படைவீரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்டிச்சாலையாக்கி, பிறகு கைவிட்டார்கள். டென்னிஸ் கேஸ்பியர் என்பவர் ஆவணங்களைத் தோண்டி அதன் போக்கைக் கண்டறிந்து, 1980களின் தொடக்கத்தில் தன்னார்வலர்களைக் கூட்டி வழியைக் குறித்தார். 1994இல் அப்பகுதி தேசியக் காப்பகமாக மாறியபோதும் வழி திறந்தே இருந்தது.

அந்தப் பாலைவனத்தில் இன்னும் தெற்கே போனால், 1942இல் ஜெனரல் பேட்டன் தொடங்கிய பயிற்சி முகாம்களின் டாங்கித் தடங்கள் தரையில் இன்றும் தெரிகின்றன. எண்பதாண்டு மழையும் காற்றும் அவற்றை அழிக்கவில்லை. அங்கே தரையின் மேற்பரப்பு, பொறுக்கி அடுக்கியதுபோன்ற சிறு சரளைகளால் ஆனது. ஒருமுறை கலைத்தால் மறுபடி அடுக்கிக்கொள்ள அதற்கு நூற்றாண்டுகள் வேண்டும்.

அடுத்த ஆண்டு அதே மாதம் நான் மறுபடியும் மொஹாவி ரோட்டில் போனேன். இந்த முறை மழை இல்லை. குட்டை இருந்த இடத்தில் பாளம் பாளமாக வெடித்த மண் மட்டும் இருந்தது. வண்டியை நிறுத்தி, அடியில் பார்த்துவிட்டு, இடப்பக்கம் போய்த் தேடினேன். நான் வாரிய இடம் சுற்றியிருந்த தரையைவிடச் சற்று வெளிறியிருந்ததால் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. குறுக்கே போட்ட கிளைகளில் ஒன்று நசுங்கிக் கிடந்தது. வெளிறிய மண்ணின் மேல் என்னுடையதைவிட அகலமான டயர் ஒன்றின் பதிவு, போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு முறை இருந்தது. வண்டிக்குத் திரும்பி, கூரையில் கட்டியிருந்த வாரியை அவிழ்த்தேன்.